முதலாளியின் கருப்பை

ஆயத்த ஆடை ஆலையின் முதலாளிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் இருப்பது அவருடைய வருடாந்தரப் பரிசோதனையில் தெரியவந்தது. அவர் ஆண், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். பரிசோதித்தது கண்ணாடி ஆஸ்பத்திரி. அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு. ஆனால் உள்ளே போக வக்கில்லாதவர்கள் அதன் பளபளப்பான சுவரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார்கள் என்பதால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஸ்கேன் படத்தில் முதலாளியின் அடிவயிற்றுக்குள், அவருடைய சொந்த உறுப்புகளுக்கு நடுவே, ஒரு கருப்பை நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உள்ளே ஒரு காப்பர்-டி வேறு, போட்டவர்கள் எடுக்க மறந்துபோனது. கண்ணாடி ஆஸ்பத்திரி எதற்கும் ஆச்சரியப்படுகிற ஆஸ்பத்திரி அல்ல. நோய் யாருடையது என்பதைவிட நோயாளி யார் என்பதையே அது பார்க்கும். கருப்பையை எடுத்துவிடலாம் என்றார் தலைமை மருத்துவர். எங்கிருந்து எடுப்பது என்று கூட இருந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. வயிற்றைத் திறந்தார்கள். அங்கே ஒரு பெரிய மனிதரின் வயிற்றில் இருக்க வேண்டியவை மட்டுமே இருந்தன. கொழுப்பு கொஞ்சம் கூடுதல், அது ஊரறிந்த விஷயம். மூடித் தைத்து அனுப்பினார்கள். தையல் ஆறியதும் மறுபடி படம் எடுத்தபோது கருப்பை அதே இடத்தில் இருந்தது. கட்டி சற்றுப் பெருத்திருந்தது. முதலாளிக்கு இடுப்பு வலியும் தொடங்கியிருந்தது.

அந்தக் கருப்பையின் சொந்தக்காரி அதே ஆலையில் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பதுதான் காஜா. அந்த இயந்திரத்தின் முன்னால் இளம் வயதில் உட்கார்ந்து, தலை நரைத்த பிறகும் அங்கேயே இருந்ததால் அவளைக் காஜாக்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். முதலாளி நல்ல நிர்வாகி. பெண்கள் கழிப்பறைக்குப் போவதால் சட்டைகள் குறைகின்றன என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு டோக்கன் கொடுத்திருந்தார். டோக்கன் கையில் இருந்தால்தான் எழுந்திருக்கலாம். வரிசையின் மறுகோடிக்குப் போன டோக்கன் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், மதியச் சங்கு ஊதும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காஜாக்காரிக்கு மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படத் தொடங்கியது. இரண்டு மாதம் அதை யாருக்கும் சொல்லாமல் துணியைத் துவைத்து உள்பக்கமாகவே காயப்போட்டாள்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் விட்டுப்போன சொத்து அவனுடைய தங்கை ஒருத்திதான். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை, அந்த வேலைக்குத் தோதான வாய். இரண்டு பேரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒரே குழாய்க்குச் சண்டை போட்டார்கள். ஒரே தட்டில் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருநாள் நாத்தனார் கொடியில் கிடந்த துணியை விரித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது எவ்வளவு நாளா?"

"சூடு. தானா சரியாயிடும்."

"உங்களுக்குச் சூடுன்னா எனக்கு ஏன் வேர்க்குது? கிளம்புங்க."

பெரியாஸ்பத்திரி நிஜமாகவே பெரியது. வாசலிலிருந்து புற்றுநோய்ப் பிரிவுக்கு நடக்கத் தெம்பிருக்கிறவர்களுக்கு அங்கே வரவேண்டிய அவசியமே இருக்காது. பெஞ்சுகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மீன்காரி தன் காலி கூடையைக் கவிழ்த்து, "இதுல உக்காரும்மா, கொஞ்சம் கவுச்சி அடிக்கும்" என்று காஜாக்காரிக்கு இடம் கொடுத்தாள். மீன்காரிக்கும் அதே இடத்தில் அதே கட்டி. கதிரியக்க மருத்துவர் தூக்கத்தைப் பல வருடங்களுக்கு முன் எங்கேயோ தொலைத்துவிட்ட மனிதர். பொய் சொல்லத் தெம்பில்லாததால் உள்ளதைச் சொன்னார்.

"கரன்ட்டு வைக்கணும்மா. மெஷின் ஒன்னுதான் இருக்கு. அதுவும் இப்போ படுத்திருக்கு. பார்ட்ஸ் வரணும்."

"எப்ப எழுந்திரிக்கும்?" என்றாள் நாத்தனார்.

"அது எங்கிட்ட சொல்றதில்ல."

முன்னால் காத்திருந்தவர்களையெல்லாம் கணக்கில் எடுத்து, அடுத்த வருடம் மழை விட்ட பிறகு ஒரு தேதி கொடுத்தார்கள். கட்டிக்கும் அந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொள்ளும் என்று நாத்தனார் மருத்துவரிடம் சொன்னாள்.

கண்ணாடி ஆஸ்பத்திரியில் இதற்குள் ஒரு விஷயம் பிடிபட்டது. முதலாளியின் படத்தில் மூத்திரப்பை இரண்டு இருந்தன. ஒன்று அவருடையது, நினைத்தபோது நிறைந்து நினைத்தபோது காலியானது. இன்னொன்று காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, வெடித்துவிடும் போல நின்று, மதியம் சட்டென்று வற்றியது. சாயங்காலமும் அப்படியே. மருத்துவர்கள் இதற்கு ஒரு லத்தீன் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் படுத்திருந்த முதலாளிக்குத் தூரத்தில் தன் ஆலையின் சங்கு கேட்டது. அதே கணத்தில் அடிவயிற்றில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. உலகத்தில் எத்தனையோ பெண்கள் இருந்தாலும் சங்கு ஊதினால் மட்டும் திறக்கிற மூத்திரப்பை தன் ஆலையில்தான் தயாராகிறது என்று அவருக்குத் தெரியும்.

மறுவாரம் ஆலை வாசலில் 'மகளிர் நலம் நம் நலம்' என்று பேனர் கட்டினார்கள். அதில் முதலாளி கைகூப்பிச் சிரித்தார். எல்லாப் பெண்களையும் வரிசையாகப் படம் எடுத்தார்கள். மறந்துபோன காப்பர்-டியோடும் நெல்லிக்காயோடும் காஜாக்காரி அகப்பட்டாள். உறுதி செய்துகொள்ள அவளுக்குத் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். பக்கத்து அறையில் முதலாளியின் படம் உப்பியது. ஆலையில் சேர்ந்த பிறகு அவள் வேலை நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது அன்றுதான்.

பணியாளர் மேலாளர் படித்தவர். வேலையை விட்டு நீக்கிவிட்டால் அவள் யாரோ, ஆலை யாரோ. யாரோ ஒருத்தியின் நோய் முதலாளிக்கு எப்படி வரும் என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் அன்றே நீக்கினார்கள். வீட்டில் சும்மா இருந்த காஜாக்காரி நினைத்த நேரத்தில் எழுந்து போனாள். படத்தில் இருந்த இரண்டாவது பை சங்கை மறந்தது. முதலாளிக்குச் சில நாட்கள் உடம்பு காற்றாக இருந்தது. மேலாளருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார். பிறகு கட்டி எலுமிச்சை அளவானது. வலி வந்து அவர் விரிப்பைக் கடித்தார். வேறு வழியில்லாமல், நாத்தனாரும் காஜாக்காரியும் குடியிருந்த சந்துக்குள் நுழைய முடியாத அளவுக்கு அகலமான ஒரு கார் வந்து சந்து முனையில் நின்றது.

கண்ணாடி ஆஸ்பத்திரியில் காஜாக்காரியை நோயாளியாகச் சேர்க்க முடியாது என்றார்கள். அவள் யார், எந்த ஊர், யார் பொறுப்பு என்று பல சிக்கல். ஆகவே முதலாளியின் உறுப்பாகச் சேர்த்தார்கள். அவளுடைய கையில் கட்டிய பட்டையில் அவர் பெயர் இருந்தது. கீழே 'கருப்பை' என்று சின்ன எழுத்தில். நர்சுகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். உறுப்புக்குத் தூக்கம் வந்ததா, உறுப்பு சாப்பிட்டதா என்று விசாரித்தார்கள். கூட வந்த நாத்தனாரை என்னவென்று சேர்ப்பது என்று தெரியாமல் பார்வையாளர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கே கரன்ட்டு வைக்கிற மெஷின்கள் மூன்று இருந்தன. இரண்டில் வேலை இல்லாததால் உறைபோட்டு மூடிவைத்திருந்தார்கள். நாத்தனார் ஒரு உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனாள்.

"பெரியாஸ்பத்திரி மெஷினுக்கு ஒரு பார்ட்ஸ்தான் வரணுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடும். அங்க பெஞ்சு நிறைய ஆளுங்க உக்காந்திருக்காங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "என் வயித்துல தெரியறத நான் பாக்கறேன்மா. ஊர்ல இருக்கிற வயித்தையெல்லாம் நானா பாக்க முடியும்?"

"உங்க வயித்துல தெரியலன்னா ஊருக்கு வயிறு இருக்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்று சொல்லிவிட்டு அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காஜாக்காரி பேச்சு குறைந்தவள். இயந்திரச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது என்பதால் பழகிப்போன மௌனம். சிகிச்சை தொடங்கி ஒரு வாரம் சொன்னபடியெல்லாம் படுத்தாள், எழுந்தாள். அடுத்த வாரம் முதல் நாள் மெஷின் அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தாள்.

"எனக்கு உக்கார கூடை குடுத்தாளே, அந்த மீன்காரி. அவளைக் கூட்டிட்டு வாங்க. அவ படுத்து எழுந்ததும் நான் படுக்கறேன்."

இது மாதிரி நிலைமைக்கு ஆஸ்பத்திரியில் விதி எதுவும் இல்லை. அடிக்க ஓங்குகிற கையை, மருந்தை மறுக்கிற வாயை அவர்கள் பார்த்திருந்தார்கள். நிபந்தனை போடுகிற கருப்பையைப் பார்த்ததில்லை. மேலாளர் வந்து மிரட்டினார். வேலையிலிருந்துதான் ஏற்கெனவே நீக்கியாயிற்றே, இன்னும் எதிலிருந்து நீக்குவது என்று நாத்தனார் அவரைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் முதலாளிக்கு வலி ஏறியது. மீன்காரியைத் தேடிக் கார் போனது. கூடையோடுதான் வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் கூடையும் வந்தது. கண்ணாடிச் சுவர்களுக்குள் முதன்முறையாகக் கவுச்சி வீசியது. அடுத்த நாள் காஜாக்காரி இன்னொருத்தியின் அடையாளத்தைச் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் வேறொருத்தி. பெரியாஸ்பத்திரி பெஞ்சு ஒவ்வொரு ஆளாகக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குக் குடிபெயர்ந்தது. மூடிவைத்த மெஷின்களின் உறையைக் கழற்றினார்கள். சிமெண்டுச் சட்டி சுமக்கிறவள், ஆபீஸ் பெருக்குகிறவள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் என்று வரிசை வளர்ந்தது. வழக்கமாக வருகிற பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலால் வரத் தொடங்கினார்கள். ஏழைகள் முன்வாசலால் வருவதும் பணக்காரர்கள் பின்வாசலால் வருவதுமாக அந்த ஊரில் ஒரு பருவம் கழிந்தது. அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, ஆஸ்பத்திரி அவற்றுக்கு நல்ல விளம்பரதாரர்.

காஜாக்காரிக்குக் கரன்ட்டு வைக்கிற முறைகள் முடிந்துகொண்டே வந்தன. கடைசி நாளுக்கு முந்தின நாள், தான் குணமாகிவிட்டால் மற்றவர்கள் மறுநாளே தெருவில் நிற்பார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. கடைசி முறைக்குப் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள். இவர்கள் எல்லோருக்கும் முடியட்டும், பிறகு பார்க்கலாம். நடுவில் நிறுத்தினால் கட்டி திரும்பி வளரும் என்று மருத்துவர் எச்சரித்தார். அதைக் கேட்டுப் பயந்தது நாத்தனார்தான். அன்று இருவருக்கும் பெரிய சண்டை நடந்தது.

"ஊரைக் காப்பாத்த உங்களை யாரு கேட்டா? எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்திதான் அண்ணி."

"அதனாலதான் சொல்றேன். அவளுங்களுக்கும் யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய், வரிசையில் நின்றவர்களைச் சீக்கிரம் சீக்கிரம் என்று கொட்டகையில் கூட்டத்தை உள்ளே அனுப்புவது போல விரட்டத் தொடங்கினாள். காஜாக்காரி வாரக்கணக்கில் அந்த ஒரு முறையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் மறுபடி லேசாகப் பட்டது. சொல்லவில்லை. மேல்மாடியில் முதலாளி தன் சொத்து முழுவதையும் ஆளுக்கு ஆள் எழுதிவைப்பதாகக் கத்திவிட்டு, வலி குறைந்ததும் மறுத்தார். ஒவ்வொருத்தியாக முடித்துப் போனார்கள். மீன்காரி மட்டும் போகவில்லை. அவளுக்கு எலும்புவரை இறங்கிவிட்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் முதலில் தேதி வாங்கியபோதே அங்கே மெஷின் எழுந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று கண்ணாடி ஆஸ்பத்திரி மருத்துவர் மிகவும் கண்ணியமான குரலில் சொன்னார். அவள் செத்தபோது எந்தப் பெரிய மனிதரின் படத்திலும் எதுவும் மறையவில்லை. காஜாக்காரி போய் அவள் காலைத் தொட்டுவிட்டு வந்து, தன் கடைசி முறைக்குப் படுத்தாள். கட்டி கரைந்தது. மறுநாள் காலை கண்ணாடி ஆஸ்பத்திரியின் மெஷின்களுக்கு மறுபடி உறை போட்டார்கள்.

அதற்குப் பிறகு இது அதிசயமாக இல்லாமல் போயிற்று. நீதிபதியின் நுரையீரலில் கல்லுடைக்கிறவனின் கட்டி தெரிந்தது. வங்கித் தலைவரின் ஈரலில் அவருடைய டிரைவரின் கட்டி. அமைச்சரின் தொண்டையில் யாரோ ஒரு சுமைதூக்கியின் கட்டி உட்கார்ந்து அவருடைய மேடைப் பேச்சைக் கெடுத்தது. பெரியாஸ்பத்திரியைச் சரிசெய்வது இவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் ஏழையை அவரவர் தேடிப் பிடித்துக் குணப்படுத்திக்கொண்டார்கள். முதலாளியிடமிருந்து பாடம் படித்திருந்ததால், தனியாக வருவேன், யாரையும் கூட்டிவர மாட்டேன் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடி ஆஸ்பத்திரி இதற்கென்றே ஒரு பிரிவு திறந்தது. உடம்புக்கு முடியாமல் போன ஏழையிடம் அக்கம்பக்கத்தார், யாராவது நல்ல இடத்தில் தெரிகிறதா என்று பெண்ணுக்கு வரன் விசாரிப்பது போல விசாரித்தார்கள். நல்ல இடத்தில் தெரியாதவர்கள் முன்போலவே செத்தார்கள். முதலாளி காஜாக்காரியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் தனி டோக்கன் கொடுத்தார். அவள் அதை வரிசையின் பொதுவில் வைத்துவிட்டாள். மதியத்துக்கு முன்னால் அவருக்கு வயிறு உப்புசமாகவே இருந்தது.

சில வருடங்கள் போயின. நாத்தனாருக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நல்ல இடத்தில் தேடலாம் என்று கொட்டகைக்காரர்கள் சொன்னபோது அவள் மறுத்தாள். இத்தனை நாள் யார் நெஞ்சிலும் இடம் கேட்டதில்லை, இனிமேல் போய்க் கேட்பதா என்றாள். முதலாளி தன் உறுப்பான காஜாக்காரியை வருடாவருடம் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்த வருடப் படத்தில் காஜாக்காரியின் இடது மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. கையால் தொட்டால் அங்கே எதுவும் இல்லை. நாத்தனாருக்கு இருந்த அதே இடம், அதே அளவு. கண்ணாடி ஆஸ்பத்திரி உடனே, அவளை உறுப்பாகச் சேர்த்தபோது போட்ட பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தது. முதலாளிக்குப் பாத்தியப்பட்டது இடுப்புக்குக் கீழேதான், மேலே தெரிவதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று வாசல்வரை வந்து மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். தூக்கம் தொலைத்த மருத்துவர் இன்னும் அங்கேயே இருந்தார், தலைமுடி மட்டும் போயிருந்தது. இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒருத்தர் கட்டி ஒருத்தர்கிட்ட தெரியுதா? இங்க இது சகஜம்மா. பெஞ்சுல சேர்ந்தாப்புல நாலு நாள் உக்காந்தாலே வந்துடும்."

"அப்ப யாருக்குக் கரன்ட்டு வைப்பீங்க?" என்றாள் காஜாக்காரி.

"யார் படுத்தாலும் சரி. பெரிய மனுஷங்களுக்குத்தான் அது பலிக்காது. இங்க கட்டிக்குக் கேக்கும்."

வெகுகாலமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது என்றும், யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றும் அவர் சொன்னார். இந்தச் செய்தி எப்படியோ அமைச்சர் காதுக்குப் போனது. சுமைதூக்கியின் புண்ணியத்தில் குரல் திரும்பியிருந்த அவர், ஏழைகள் நோயைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அரிய பண்பைப் பாராட்டி ஒரு மணி நேரம் பேசி, அதனால் பெரியாஸ்பத்திரிக்கு வருவதாக இருந்த இரண்டாவது மெஷின் தேவையில்லை என்று அறிவித்தார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. தட்டியவர்கள் எல்லோரும் முன்வரிசைக்காரர்கள்.

பழைய மெஷின் நின்றும் படுத்தும் ஓடியது. அது எழுந்திருக்கிற நாட்களில் ஒருநாள் நாத்தனார் படுத்தாள், ஒருநாள் காஜாக்காரி படுத்தாள். இருவருக்கும் மார்புத் தோல் பாதிப் பாதி கறுத்தது. அசதியும் அப்படியே பிரிந்துகொண்டதால் இரண்டு பேராலும் வேலைக்குப் போக முடிந்தது. நேற்றைக்கு நான் படுத்தேன், இன்றைக்கு உன் முறை என்று குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். கட்டி பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. கடைசி முறை வந்த அன்று கொட்டகையில் புதுப் படம், ஆலையில் அவசர ஆர்டர். இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காருகிற, சட்டி சுமக்கிற ஒருத்தி, தன் முறைக்கு இன்னும் நேரம் இருப்பதாகச் சொல்லி, அவர்களுக்காகப் போய்ப் படுத்து எழுந்து வந்தாள். அதுவும் கேட்டது.